மேன்முறையீடா, அனுமதியா? புதுக்கடையில் தோற்றவர் முதலில் பார்க்க வேண்டியது

கொழும்பு புதுக்கடையிலுள்ள மாவட்ட நீதிமன்றத்தில் குடியியல் வழக்குத் தோற்றால் நேரே மேன்முறையீடு செய்யலாமா, முதலில் அனுமதி கேட்க வேண்டுமா? குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி தீர்ப்பு என்றால் 754(1): மேன்முறையீடு உங்கள் உரிமை. கட்டளை என்றால் 754(2): அனுமதி வேண்டும். கடதாசியின் தலைப்பில் என்ன பெயர் இருக்கிறது என்பதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

எது தீர்ப்பு, எது கட்டளை என்று பிரிக்கும் அளவுகோல் 1891இல் இங்கிலாந்தில் பிறந்தது. சலமன் எதிர் வோர்னர் வழக்கில் நீதிபதி எஷர் பிரபு கேட்டது இதுதான்: நீதிபதி எந்தப் பக்கம் முடிவு சொல்லியிருந்தாலும் வழக்கு அத்தோடு முடிந்திருக்குமா? ஆம் என்றால்தான் அது இறுதியானது, அதாவது தீர்ப்பு. வழக்குக் காலாவதியாகிவிட்டது என்ற எதிராளியின் பூர்வாங்க ஆட்சேபணையை ஏற்று நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்கிறார் என்று வைப்போம். வழக்காளிக்கு எல்லாம் முடிந்தது போலத்தான் தெரியும். ஆனால் ஆட்சேபணை தோற்றிருந்தால் விசாரணை தொடர்ந்திருக்கும். ஆகவே அது கட்டளை, அனுமதி கேட்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். 1903இன் பொஸ்ஸன் என்ற இங்கிலாந்து வழக்கு இதற்கு மாறாக, கிடைத்த முடிவின் விளைவை மட்டுமே பார்த்தது. இலங்கைத் தீர்ப்புகளும் இரண்டுக்கும் நடுவே அலைந்தன. 2011இல் செட்டியார் எதிர் செட்டியார் வழக்கில் நாட்டின் உச்ச மன்றமான உயர் நீதிமன்றத்தின் ஐவர் ஆயம் எஷர் பிரபுவின் வழியை ஏற்றது. 2017இல் அதைவிடப் பெரிய ஆயமும் அதையே உறுதிசெய்தது.

தீர்ப்பு என்றால் மேன்முறையீட்டு அறிவித்தலை 14 நாட்களுக்குள் அதே மாவட்ட நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். தீர்ப்பு நாள், தாக்கல் நாள், ஞாயிறு, பொது விடுமுறை ஆகியவை கழியும், சனிக்கிழமை கழியாது. எதிர்த்தரப்பின் செலவுக்கான பிணையும், அறிவித்தல் அவருக்குச் சேர்ப்பிக்கப்பட்டதற்கான சான்றும் கூடவே வேண்டும். மேன்முறையீட்டு மனுவுக்கு 60 நாட்கள். இதில் ஞாயிறும் போயாவும் கழியாது. எண்ணிக்கை தீர்ப்பு நாளிலிருந்து ஓடும், உறுதிப்படுத்திய பிரதி கையில் கிடைத்த நாளிலிருந்து அல்ல. பிரதிக்காகக் காத்திருந்தே காலம் தவறியவர்கள் உண்டு.

கட்டளை என்றால் சத்தியக்கடதாசியுடன் கூடிய அனுமதி மனு, 14 நாட்களுக்குள், குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்துக்கே போக வேண்டும். நாட்கணக்கு அறிவித்தலுக்கு உள்ளதுதான். கட்டளையைத் தீர்ப்பு என்று நினைத்து 60 நாள் கணக்கில் இருந்தால், பிழை தெரியவரும்போது இந்தக் கதவு மூடியிருக்கும்.

கையெழுத்தையும் கவனியுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுத்த புரோக்சி (உங்கள் சார்பில் செயற்பட அவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) வழக்குக் கோவையில் இருக்கும்வரை அறிவித்தலில் அவர்தான் ஒப்பமிட வேண்டும். வேறொருவரை வைப்பதானால் பழைய புரோக்சியை முதலில் இரத்துச் செய்யுங்கள்; அதற்கும் அந்த 14 நாட்களுக்குள்தான் நேரம்.