சிவப்பு உடம்பா, கறுப்பு உடம்பா?

மழை ஓய்ந்து வெயில் எட்டிப்பார்க்கும் நாட்களில் என் வாட்ஸ்அப் வண்ணத்துப்பூச்சிப் படங்களால் நிரம்பிவிடும். அதிகம் வருவது, கறுப்புச் சிறகில் சிவப்புப் புள்ளிகள் கொண்ட ஒன்று. அனுப்புகிறவரே பெயரும் சொல்லிவிடுவார்: “சிவப்புடல் அழகிதானே சார்?” நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “உடம்பு தெரிகிற மாதிரி இன்னொரு படம் இருக்கா?”

இப்படிக் கேட்கக் காரணம் என் பழைய தவறு. கணக்கெடுப்புக்குப் போகத் தொடங்கிய புதிதில், ஒரு வேலியோரம் 11 சிவப்புடல் அழகிகள் என்று எழுதிக் கொடுத்தேன். படங்களைப் பார்த்த மூத்தவர் மூன்றை அடித்துவிட்டார். அதில் ஒன்று கறிவேப்பிலைத் துளிரில் வயிற்றை வளைத்து முட்டை வைத்துக்கொண்டிருந்தது. “சிவப்புடல் அழகி கறிவேப்பிலையில் முட்டை வைக்குமா?” என்றார். வைக்காது. அதன் புழு தின்பது ஈஸ்வரமூலி, ஆடுதீண்டாப்பாளை வகைச் செடிகளை. அந்தச் செடிகளின் நஞ்சு உடம்பில் சேர்வதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை.

நான் பார்த்தது கறிவேப்பிலை அழகி, அதாவது காமன் மார்மன். அதன் பெண்ணுக்கு மூன்று வேஷம். ஒன்று ஆணைப் போலவே, பின்சிறகில் வெள்ளைப் பட்டையோடு இருக்கும். இன்னொன்று ரோஜா அழகி என்ற வேறொரு இனத்தைப் போல, பின்சிறகு நடுவில் வெள்ளைத் திட்டும் ஓரத்தில் சிவப்புப் பிறைகளுமாக இருக்கும். மூன்றாவது சிவப்புடல் அழகியைப் போல. நஞ்சு எதுவும் இல்லாமலே நஞ்சுள்ளவளின் உடையைப் போட்டுக்கொண்டு திரிகிறது! இவை மூன்றும் ஒரே இனத்தின் பெண்கள்தான் என்று 1865-லேயே எழுதியவர் இயற்கையியலாளர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ். 2014-இல் வெளியான ஆய்வு, இந்த வேஷ மாற்றத்துக்குப் பின்னால் டபுள்செக்ஸ் என்ற ஒரே மரபணு இருப்பதைக் காட்டியது.

சிறகைத் தைத்த தையல்காரர் உடம்பை மறந்துவிட்டார் என்று வேடிக்கையாகச் சொல்வேன். அசல் இரண்டுக்கும் தலையிலும் வயிற்றிலும் குங்குமச் சிவப்பு இருக்கும். கறிவேப்பிலை அழகிக்கு உடம்பு முழுக்கக் கறுப்பு. முன்சிறகின் வெள்ளைப் பட்டைகளும் அசல் சிவப்புடல் அழகியில் பளிச்சென்று இருக்கும், நகலில் அழுக்குப் படிந்தாற்போல் மங்கும். ஆனால் வெயிலில் எடுத்த செல்போன் படத்தில் இந்த வித்தியாசத்தை நம்ப முடியாது. அதனால்தான் உடம்பைக் கேட்கிறேன். பூச்சியைப் பிடிக்க வேண்டாம், பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள், போதும்.

எல்லா நகலையும் உடம்பின் நிறத்தை வைத்துப் பிடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். எருக்கஞ்செடியைச் சுற்றும் வெந்தய வரியனுக்கும் அதன் வேஷம் போடும் டானெய்ட் எக்ஃப்ளை என்ற வண்ணத்துப்பூச்சியின் பெண்ணுக்கும் சிறகைத்தான் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே ஆரஞ்சு, முன்சிறகு நுனியில் ஒரே கறுப்பு, அதில் ஒரே வெள்ளைப் பட்டை. பின்சிறகின் கறுப்புப் புள்ளிகளை எண்ணுங்கள். வெந்தய வரியனில் பெண்ணுக்கு மூன்று, ஆணுக்கு நான்கு. எக்ஃப்ளைக்கு மேல்விளிம்பை ஒட்டி ஒன்றே ஒன்று. அது தரையோரம் பருப்புக்கீரையைத் தேடி முட்டை வைக்கும். அதன் ஆணைப் பார்த்தால் சம்பந்தமே இல்லாத வேறு இனம் என்பீர்கள்: கறுப்புச் சிறகு, நீலம் மின்னும் விளிம்போடு பெரிய வெள்ளை வட்டங்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். தொட்டிக் கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் உடனே மருந்தடிக்காதீர்கள். கறிவேப்பிலை அழகியின் இளம் புழு அப்படித்தான் இருக்கும், வளர்ந்ததும் பச்சையாகிவிடும். எங்கள் வீட்டிலும் இதற்காகச் சண்டை நடக்கும். கடைசியில் நாலு கொத்து எனக்கு, மீதி சமையலுக்கு என்று முடிவானது. அந்த நாலு கொத்தில் இப்போது இரண்டு கூட்டுப்புழுக்கள் தொங்குகின்றன.