சொல் விளக்கம்: நானோகட்டமைப்புப் பலபடி

நானோகட்டமைப்புப் பலபடியை (nanostructured polymer) ‘நானோ பாலிமர்’ என்று பலரும் சுருக்கி எழுதுகிறார்கள். பாலிமர், அதாவது பலபடி, என்பது சிறு மூலக்கூறுகள் பல கோத்த நீண்ட சங்கிலி. இந்தச் சுருக்கம் எனக்கு உடன்பாடில்லை. எளிய பாலித்தீன் சங்கிலியின் தடிமன்கூட ஒரு நானோமீட்டருக்குக் குறைவுதான். அந்தக் கணக்கில் எல்லாப் பாலிமரும் நானோ பாலிமர் ஆகிவிடும். பெயர் சுட்ட வேண்டியது சங்கிலியின் பருமனை அல்ல, சங்கிலிகள் கூடி அமைக்கும் ஒழுங்கை. ஏறத்தாழ 1 முதல் 100 நானோமீட்டர் அளவில் உள்ளமைப்பு கொண்ட பாலிமர் என்பதே பொருள். ஆகவே ‘கட்டமைப்பு’ என்ற சொல்லை விடவே கூடாது.

பாலிமர் என்ற சொல்லின் மூலம் கிரேக்கம்: ‘பாலி’ பல, ‘மெரோஸ்’ பகுதி. 1833இல் சுவீடன் வேதியியலர் பெர்சீலியஸ் இதை ஆண்டபோது நீண்ட சங்கிலி எதையும் நினைக்கவில்லை. எத்திலீன் மூலக்கூறில் கார்பன் அணு 2, ஹைட்ரஜன் அணு 4. பியூட்டீனில் 4, 8. விகிதம் ஒன்றே, அளவு மட்டும் இரு மடங்கு. இத்தகைய உறவுக்கே அவர் அந்தப் பெயரை வைத்தார். இன்றைய பொருளுக்கு அடித்தளமிட்டது, பாலிமர்கள் நீண்ட சங்கிலிகளே என்று சொன்ன ஜெர்மன் வேதியியலர் ஹெர்மன் ஸ்டாடிங்கரின் 1920ஆம் ஆண்டுக் கட்டுரை. அன்று பலர் மறுத்த அக்கருத்துக்காக அவருக்கு 1953இல் நோபல் பரிசு கிடைத்தது.

தமிழில் ‘பலபடி’, ‘பல்லுறுப்பி’, இலங்கை வழக்கில் ‘பல்பகுதியம்’ என மூன்று சொற்கள் உள்ளன. ‘மெரோஸ்’ என்பதற்கு நேரானவை பின்னிரண்டும். இருபடிச் சமன்பாட்டில் உள்ள ‘படி’யோ பெருக்கலின் அடுக்கைக் குறிப்பது, மடங்கு என்ற பெர்சீலியஸின் பழம்பொருளின் சாயல் அதில் தங்கியிருப்பது எனக்கு வியப்பூட்டுகிறது. சொல்லும் சிறியது, ஒருபடி (சங்கிலியின் ஒரு சிறு மூலக்கூறு), பலபடியாக்கல் (அவற்றைக் கோப்பது) என எளிதில் கிளைக்கிறது. நான் இதையே எடுத்துக்கொள்கிறேன்.

‘நானோ’ கிரேக்கத்தில் குள்ளனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 1960இல் நூறு கோடியில் ஒரு பங்கைக் குறிக்கும் அலகு முன்னொட்டாக ஏற்கப்பட்டது. ‘மீநுண்’ என்றும் எழுதுகிறார்கள். ‘கிலோ’வை மொழிபெயர்க்காத நாம் இதையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். வெறும் ‘நுண்’ மட்டும் போதாது. அது மைக்ரோவுக்கு உரியதாகிவிட்டது.

இனி, அந்த ஒழுங்கு எப்படி வருகிறது? ஒன்றோடொன்று கலக்காத இருவகைத் துண்டுகளை ஒரே சங்கிலியில் வேதிப்பிணைப்பால் கோத்துவிடுகிறார்கள். எண்ணெயும் நீரும்போல அவை பிரியப் பார்க்கும், ஆனால் பிணைப்பு தொலைவில் போக விடாது. அதனால் சில பத்து நானோமீட்டருக்குள்ளேயே உருண்டைகளாக, உருளைகளாக, அடுக்குகளாகத் தாமே பிரிந்து அமைகின்றன. எந்த வடிவம் என்பதைப் பெரிதும் துண்டுகளின் விகிதம் முடிவு செய்கிறது. காலணி அடிப்பகுதிக்குப் பயன்படும் ஸ்டைரீன்–பியூட்டாடையீன்–ஸ்டைரீன் ரப்பர் இவ்வகை. கடினமான பாலிஸ்டைரீன் உருண்டைகள் முடிச்சுகளாக நின்று மென்மையான பகுதியைப் பிடித்துக்கொள்கின்றன. சூடாக்கினால் முடிச்சு இளகும், ஆறினால் மீண்டும் இறுகும். சாதாரண ரப்பரைப் போலக் கந்தகம் சேர்த்து வேகவைக்க வேண்டியதில்லை. உருக்கி மறுபடி வார்க்கலாம். இந்த உருண்டைகள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியவை என்பதால் பொருள் ஒளிபுகும் தன்மையோடும் இருக்க முடிகிறது.

மின்னழுத்தத்தால் பலபடிக் கரைசலை மெல்லிய இழையாக இழுப்பதும், நானோதுளை அச்சுகளுக்குள் வார்ப்பதும் வேறு வழிகள். நைலானில் களிமண் படலங்களைப் பரப்புவதை மட்டும் ‘பலபடி நானோகலவை’ என்று பிரித்துச் சொல்வது நல்லது. அங்கே நானோ அளவில் இருப்பது சேர்க்கப்பட்ட களிமண்.