ஸ்டாசிஸ்: உள்நாட்டுப் போரா, உட்பகையா?

பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் 'ஸ்டாசிஸ்' என்ற கிரேக்கச் சொல் வந்ததும் யோசிக்காமல் 'உள்நாட்டுப் போர்' என்று போட்டுவிடுகிறார்கள். தவறு. அவர் சொல்ல வந்ததையே இது மறைத்துவிடுகிறது.

வேர் எளிது: 'நில்' என்னும் வினை. நிற்றல், நிற்குமிடம், ஒரு பக்கமாக நிற்கும் கூட்டம், அக்கூட்டங்களுக்குள் மூளும் பகை எனப் பொருள் விரிந்தது.

போருக்குக் கிரேக்கர்களிடம் தனிச்சொல் உண்டு, 'போலெமோஸ்'. அயலாரோடு மோதினால் போலெமோஸ், உறவுக்குள் மோதினால் ஸ்டாசிஸ் என்று பிளேட்டோ 'குடியரசு' நூலில் பிரித்தே சொல்கிறார். அவர்கள் விலக்கிவைத்த சொல்லை நாம் ஏன் உள்ளே இழுத்து வருகிறோம்? போர் என்றதும் படிப்பவர் படைகளையும் களத்தையும் தேடுவார். கி.மு. 427இல் கிரேக்கத்தின் கோர்சிராத் தீவில் தெருச்சண்டை நடந்தது உண்மைதான். ஆனால் துசிடிடீஸின் கண் அங்கே நிற்கவில்லை. செல்வர் கூட்டம் குத்துவாளோடு ஆட்சிமன்றத்துக்குள் புகுந்து மக்கள் கட்சித் தலைவர் பெய்தியாஸ் உட்படச் சுமார் 60 பேரைக் கொன்றது. பிறகு ஏதென்ஸின் கப்பல்கள் வந்து நின்ற 7 நாட்களில் மறுதரப்பு பழிதீர்த்தது. கடன் வாங்கியவன் கடன் கொடுத்தவனைக் கொன்றான், தந்தை மகனைக் கொன்றான். அதைவிடத் துசிடிடீஸை உலுக்கியது பேச்சு கெட்டுப்போனதுதான். கண்மூடித் துணிந்தால் வீரன், யோசித்துத் தயங்கினால் கோழை. நிதானம் ஆண்மையின்மைக்குப் போர்வை எனப்பட்டது. ரத்த உறவைவிடக் கட்சி உறவு நெருக்கமானது. எந்தப் பக்கமும் சேராதவர்களை இரு பக்கமும் அழித்தன.

'உள்நாட்டுப் போர்' என்று படிக்கிறவர், 'நம் ஊரில் துப்பாக்கிச் சத்தம் இல்லையே' என்று நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டிவிடுவார். ஆயுதம் எடுப்பதற்கு முந்தைய பிளவும் ஸ்டாசிஸ்தான். பிளவுபட்ட எந்தச் சமூகத்துக்கும் துசிடிடீஸ் தேவைப்படுவது அங்கேதான். மொழிபெயர்ப்பாளர்கள் 'உள்நாட்டுப் போர்' என்ற ஒரே பொருளோடு நின்றுவிடுவதால் வரும் கேடு இது. 'கலகம்' என்போரும் உண்டு. அது ஆள்பவனை எதிர்த்து ஆளப்படுபவன் செய்வது. இங்கே இரு தரப்பும் குடிமக்கள்.

நம்மிடம் சொல் இல்லையா?

"பல்குழுவும் பாழ்செய்யும் உட்பகையும் வேந்தலைக்கும்
கொல்குறும்பும் இல்லது நாடு."

உட்பகைக்குத் தனி அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். அங்கேயும் உறவுக்குள் முளைக்கும் பகைதான் பேச்சு. ஆகவே ஸ்டாசிஸ் என்றால் உட்பகை. கட்சி என்ற பொருளில் வரும் இடங்களில் மட்டும் 'குழு' என்று எழுதலாம். அதுவும் அதே குறளில் இருக்கிறது.