ஹிப்ஸாரித்மியா: சொல் விளக்கம்

கைக்குழந்தைகளுக்கு வரும் ஒருவகை வலிப்பில் மூளையலைப் பதிவில் ஒரு கோலம் தெரியும். அதை இந்தியாவில் படித்த மருத்துவர் 'ஹிப்ஸாரித்மியா' என்பார். பிரான்ஸில் படித்தவர் 'இப்ஸாரித்மி' என்பார். மொரீசியஸில் இரண்டு வகை மருத்துவரும் உண்டு. அதனால் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலையும் பெற்றோர் இவற்றை இரண்டு நோய் என்று எண்ணிக் கலங்க வேண்டாம்.

சொல் கிரேக்க வழியில் வந்தது. 'ஹிப்ஸோஸ்' உயரம், 'அ' இன்மை, 'ரித்மோஸ்' சீர். அமெரிக்காவில் ஃப்ரெடரிக் கிப்ஸும் அவர் மனைவி எர்னா கிப்ஸும் 1952-இல் வைத்த பெயர். உயரம் என்பது இ.இ.ஜி. என்னும் மூளை மின்னலைப் பதிவில் தெரியும் அலைகளின் உயரம். பெரும்பாலும் 200 மைக்ரோவோல்ட்டுக்கும் மேல். திரையில் ஒரு வரி அடுத்த வரிமேல் ஏறிவிடும். நடுநடுவே, இன்ன இடம் என்றில்லாமல் கூர்முனைகள் கிளம்பும்.

ஆக, இது பதிவில் தெரியும் கோலத்தின் பெயர். கைக்குழந்தைகளுக்கு வரும் அந்த வலிப்பு நோயின் பெயர் வெஸ்ட் நோய்த்தொகுதி. வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற ஆங்கில மருத்துவர் தம் சொந்த மகனுக்கு வந்ததை 1841-இல் லான்செட் மருத்துவ இதழுக்கு எழுதினார். குழந்தை முன்னால் குனிவதைப் பார்த்து 'சலாம் வலிப்பு' என்றும் சொன்னார்கள்.

நம் வீட்டுச் சொற்கள் இங்கேதான் காலை வாருகின்றன. மொரீசியஸ் கிரியோல் மொழியில் 'மல்காடி' என்றால் விழவைக்கும் நோய். உட்காரவே தொடங்காத ஐந்து மாதக் குழந்தை எங்கே விழும்? 'காக்காய் வலிப்பு' என்றதும் நுரை தள்ளிக் கைகால் வெட்டுவதைத்தான் நினைக்கிறோம். இதுவோ தூங்கி எழுந்ததும் வரும்: தலை சட்டெனக் கவிழும், கைகள் விரியும், ஓரிரு நொடியில் முடியும். சில நொடி கழித்து மறுபடியும், இப்படி வரிசையாக. பயந்துவிட்டது, வயிற்றுவலி என்று நாட்கள் போய்விடும். போனில் வீடியோ எடுத்து அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

தமிழில் 'மூளையலைக் குழப்பம்' என்றால் உயரம் விட்டுப்போகிறது. 'உயரலைச் சீரின்மை' என்பது என் தேர்வு.

இந்தக் கோலம் இல்லாமலும் இவ்வகை வலிப்பு வரலாம். தூக்கத்தில்தான் கோலம் தெளிவாகத் தெரியும் என்பதால் குழந்தை தூங்கும்போதும் பதிவு எடுப்பார்கள். ஏ.சி.டி.எச். என்னும் ஹார்மோன் ஊசி, பிரெட்னிசோலோன், விகாபாட்ரின் ஆகியவை முதன்மை மருந்துகள். வலிப்பு நின்ற பிறகும் மறுபதிவு கேட்பார்கள். கண்ணுக்குக் குனிதல் தெரியாவிட்டாலும் கோலம் மீதமிருந்தால் சிகிச்சை இன்னும் முடியவில்லை.