அழைப்பு மென்பொருளும் பார்வையற்ற பணியாளரின் உரிமையும்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கும் பார்வையற்ற ஒருவர், வேலந்தாவளம் எல்லையைக் கடந்து கோவையிலுள்ள தனியார் அழைப்பு மையம் ஒன்றில் வேலைக்குச் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேரளத்தில் பெற்ற மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் இங்கே செல்லுமா என்ற ஐயம் அவருக்கு வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தன் 58ஆம் பிரிவில் அது நாடு முழுவதும் செல்லும் என்கிறது.

சிக்கல் பிரவுசரில் இயங்கும் அழைப்பு மென்பொருளில்தான் தொடங்குகிறது. திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் என்விடிஏ, ஜாஸ் போன்ற திரைவாசிப்பான்கள் பக்கத்தின் நிரலில் எழுதப்பட்ட பெயர்களையே படிக்கின்றன. அழைப்பை ஏற்கும் பொத்தானுக்குப் பச்சைப் படம் மட்டும் இருந்து பெயர் எழுதப்படாவிட்டால், காதில் விழுவது 'பொத்தான்' என்ற ஒற்றைச் சொல்தான். துண்டிக்கும் பொத்தானுக்கும் அதே சொல்தான். அழைப்பு வந்ததையே அறிவிக்காத மென்பொருளும் உண்டு, பேசிய நேரத்தை நொடிக்கு நொடி ஒப்பித்து வாடிக்கையாளரின் குரலை அமுக்கிவிடும் மென்பொருளும் உண்டு. இவற்றில் பல, சில வரி நிரலைத் திருத்தினாலே தீரக்கூடியவை என்பதால், 'இந்த வேலை அவருக்கு ஒத்துவராது' என்று கைவிரிப்பது நேர்மையான பதில் ஆகாது.

நியாயமான வசதியை, அதாவது மாற்றுத்திறனாளி மற்றவர்களைப் போல வேலை செய்யத் தேவையான பொருத்தமான மாற்றங்களை, செய்துதர மறுப்பதையும் பாகுபாடு என்றே சட்டம் வரையறுக்கிறது. அதற்கான செலவை, முழுதாகவோ பகுதியாகவோ, பணியாளர் தலையில் கட்டக் கூடாது என்பது இச்சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட 2017ஆம் ஆண்டு மத்திய விதிகளின் 3ஆம் விதி. மென்பொருள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தரநிலை, 2023இல் இவ்விதிகளில் சேர்க்கப்பட்டது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அமைய வேண்டும் என்னும் இத்தகைய அணுகல் தரநிலைகள் வெறும் பரிந்துரைகளாக நிற்க முடியாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்தது.

குறையை முதலில் நிறுவனத் தலைவருக்கு எழுத்தில் தர வேண்டும். பயனில்லையெனில், பணியிடம் கோவை என்பதால், தமிழ்நாட்டின் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரை அணுக வேண்டும். வீடு கேரளத்தில் இருப்பதால் திருவனந்தபுரத்திலுள்ள கேரள ஆணையருக்கு எழுதுவது காலத்தை வீணாக்கும். ஆணையர் தருவது பரிந்துரைதான் என்பது இச்சட்டத்தின் பலவீனம். எனினும் சட்டத்தை மீறுவோருக்கு முதல் முறை 10,000 ரூபாய் வரையும், மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க 89ஆம் பிரிவு இடமளிக்கிறது.

மனுவில் 'மென்பொருள் சரியில்லை' என்று பொதுவாக எழுதாமல், எந்தப் பிரவுசர், எந்தத் திரைவாசிப்பான், எந்தப் பொத்தானில் என்ன கேட்டது என்பதைக் குறிப்பிட்டு, திரைவாசிப்பானின் ஒலிப்பதிவையும், வாடிக்கையாளர் பேச்சு அதில் கலக்காதபடி, இணைப்பது நல்லது.