கதிரவெளிக் கற்பதுக்கைகளின் வயதை மணல் சொல்வது எப்படி?

வாகரைப் பக்கத்து மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கதிரவெளியில் இருப்பவை பெருங்கற்காலக் கல்லறைகள் என்கிறார்கள். எலும்போ கரியோ அகப்படாத கல்லறைக்கு வயது கணிப்பது எப்படி?"

கற்பலகைகளை நாற்புறமும் நிறுத்தி, உள்ளே இறந்தவரின் எச்சங்களை வைத்து, மேலே மூடுகல் இட்டால் அது கற்பதுக்கை. தம்புள்ளைக்கு அருகே இப்பன்கட்டுவையில் இருப்பவையும் இந்த வகைதான், அவை கி.மு. 700 – 400 காலத்தவை. காபன்-14 முறைக்குக் கரி போன்ற உயிர்ப்பொருள் வேண்டும். அது இல்லாத இடத்தில் கைகொடுப்பது மணல்.

இந்த முறையை எத்தனை தடவை விளக்கினாலும் எனக்குச் சலிப்பதில்லை. மண்ணிலுள்ள யுரேனியம், தோரியம், பொற்றாசியம்-40 ஆகியவற்றின் மெல்லிய கதிர்வீச்சு, குவார்ட்ஸ் மணலிலுள்ள இலத்திரன்களை இடம்பெயர்க்கிறது. அவற்றில் சில பளிங்கின் குறைபாடுகளுக்குள் சிக்கிக்கொள்கின்றன. வெயில் பட்டால் சில நிமிடங்களிலேயே விடுபட்டுவிடும். கல்லறை கட்டும்போது கற்பலகைகளின் அடியில் மண்ணுக்குள் புதைந்த பிறகோ வெளியேற வழியில்லை. ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே இருக்கும். வற்றிய குளம் ஒரே சீரான வரத்தில் நிரம்புவது போலத்தான்: இன்றைய நீரளவும் தினசரி வரத்தும் தெரிந்தால், நிரம்பத் தொடங்கிய நாளைக் கணக்கிடலாம்.

அதனால்தான் ஆய்வாளர்கள் இரும்புக் குழாயை மண்சுவரில் அடித்திறக்கி, வெளிச்சம் படாமல் மூடி எடுத்துச் செல்கிறார்கள். மங்கிய செவ்வொளியில் அதைத் திறந்து, மணலின் மீது நீல ஒளியைப் பாய்ச்சுவார்கள். சிக்கியிருந்த இலத்திரன்கள் விடுபட, மணல் புறஊதா ஒளியை உமிழும். எவ்வளவு ஒளியோ அவ்வளவு கதிர்வீச்சு. உதாரணமாக, மணல் ஏற்றது 6 கிரே (ஏற்ற கதிர்வீச்சை அளக்கும் அலகு), ஆயிரம் ஆண்டுக்கு ஏற்பது 2.4 கிரே என்றால், வயது 2500 ஆண்டுகள்.

மை போட்டுப் பார்த்து, சேவல் அறுத்து, பூதம் காக்கும் புதையல் என்று கல்லைப் புரட்டுகிறவர்கள் அழிப்பது இந்தக் கணக்கைத்தான். இத்தகைய கல்லறைகளில் பெரும்பாலும் கிடைப்பவை கறுப்பு-சிவப்பு மட்கலங்கள், இரும்புக் கருவிகள், மணிகள். அதற்காகத் தோண்டிக் கொட்டிய மணலில் வெயில் பட்டதும் கணக்கு பூச்சியத்துக்கு வந்துவிடும். எந்தக் கருவியாலும் அதை மீட்க முடியாது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி குற்றமுமாகும்.

சட்டம் மட்டும் போதாது. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நம் பிள்ளைகள் இந்த அளவீட்டைத் தாமே செய்து பழக, அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை, நிறுத்திய கற்பலகை எங்காவது கண்ணில் பட்டால் அசைக்காமல், மண்ணைக் கிளறாமல், கிராம சேவகரிடமோ தொல்பொருள் திணைக்களத்திடமோ சொல்லுங்கள்.