பயந்த டிஸ்கஸ் குஞ்சுகள் ஏன் சாப்பிடுவதில்லை?

டிஸ்கஸ் என்பது தட்டு போன்ற உடலுள்ள ஒரு வளர்ப்பு மீன். புதிதாக வந்த அதன் குஞ்சுகள் தொட்டியின் பின்மூலையில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. உடல் கறுத்திருக்கிறது, துடுப்புகள் மடிந்திருக்கின்றன, போட்ட தீனி அடியில் அப்படியே கிடக்கிறது. உடனே வேறு தீனி வாங்கிவரத்தான் மனம் போகும். பெரும்பாலும் குறை தீனியில் இல்லை. பயம் தெளியாத மீனுக்குப் பசியே எடுக்காது.

மீன் மிரளும்போது அதன் தலைச் சிறுநீரகப் பகுதியிலுள்ள திசுக்கள் கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, தப்பி ஓடுவதற்கான ஆற்றல் தசைகளுக்குப் போகிறது, பசியும் செரிமானமும் பின்தள்ளப்படுகின்றன. ஓரிரு மணி நேரம் இப்படி இருந்தால் கெடுதல் இல்லை. நாள்கணக்கில் நீடித்தால் நோய் எதிர்ப்பு குறையும். குடலில் சிறிதளவே இருந்த ஒட்டுண்ணிகள் அந்த நேரம் பார்த்துப் பெருகும்.

அமேசான் படுகையில் டிஸ்கஸ்கள் கூட்டமாக, நீரோட்டம் குறைந்த இடங்களில், மூழ்கிக் கிடக்கும் மரக்கிளைகளுக்கு நடுவே வாழ்கின்றன. கிளைகளின் இடுக்கில் நுழைந்துகொள்ளத் தோதானது அந்தத் தட்டையான உடல். நாலு பக்கமும் கண்ணாடியாக, மேலே பளீரென்ற விளக்கோடு இருக்கும் தொட்டியில் அந்த மறைவு எதுவுமில்லை.

முதல் ஆபத்து கொண்டுவந்த பையிலேயே இருக்கிறது. நீண்ட பயணத்தில் மீன் விடும் மூச்சால் பைத் தண்ணீரில் கரியமில வாயு சேர்ந்து பிஹெச் (நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் அளவு) இறங்கும். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவும் சேரும். ஆனால் பிஹெச் தாழ்ந்த நீரில் அது பெரும்பாலும் தீங்கு குறைந்த அம்மோனியம் வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறுகிறது, பிஹெச் ஏறுகிறது, அம்மோனியம் நச்சு அம்மோனியாவாக மாறுகிறது. பிஹெச் 7-லிருந்து 8-க்குப் போனால் நச்சு வடிவத்தின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். அதனால் நீண்ட பயணம் வந்த மீனைத் திறந்த பையிலேயே மணிக்கணக்கில் வைத்து, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச்சொட்டாகச் சேர்த்துப் பழக்குவது நல்லதல்ல. விற்பவரிடம் அவர் தொட்டியின் வெப்பநிலை, பிஹெச், கடினத்தன்மை (கரைந்துள்ள தாது உப்பின் அளவு) மூன்றையும் முன்கூட்டியே கேட்டு உங்கள் தண்ணீரை அதற்கு நெருக்கமாக வைத்திருங்கள். மூடிய பையை 20 முதல் 30 நிமிடம் மிதக்கவிட்டு, திறந்தவுடன் மீனை மட்டும் தொட்டியில் விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக்கூடாது. அன்று விளக்கும் வேண்டாம், தீனியும் வேண்டாம்.

5 அல்லது 6 செ.மீ. குஞ்சுகள் ஆறுக்கு 200 லிட்டர் தொட்டி போதும். ஆறுக்குக் குறைவாக வாங்காதீர்கள்: இரண்டு மூன்று இருந்தால் வலியது ஒன்று எளியதை ஓயாமல் விரட்டும், எண்ணிக்கை கூடினால் அந்த விரட்டல் பலர்மேல் பகிர்ந்துபோகும். வெப்பநிலை 29 அல்லது 30 டிகிரி செல்சியஸ். இந்தச் சூட்டில் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.2 மி.கி. பிடிக்கும் நீர், 30 டிகிரியில் 7.5 மி.கி. அளவே பிடிக்கும். ஆகவே ஏர் பம்ப் இரவும் பகலும் ஓட வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நோயற்ற தொட்டியிலிருந்து எடுத்த, கழிவின் நச்சை மாற்றும் நல்ல பாக்டீரியா படிந்த ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான் (பஞ்சு வடிகட்டி) இங்கே சரி. தண்ணீரைச் சோதித்தால் அம்மோனியாவும், அதிலிருந்து உண்டாகும் இன்னொரு நச்சான நைட்ரைட்டும் பூஜ்யம் காட்ட வேண்டும்.

குஞ்சுத் தொட்டிக்கு மணல் வேண்டாம். மிச்சத் தீனி அதில் புதைந்து அழுகும். ஆனால் வெறும் கண்ணாடித் தளத்தில் தன் பிம்பத்தைப் பார்த்தே மீன் மிரளும். தொட்டியின் அடிப்புறம் வெளிர்நிறத் தாள் ஒட்டினால் அது தீரும். பின்புறத்தையும் இரு பக்கங்களையும் தாளால் மறைத்துவிடுங்கள். பின்பக்கம் செங்குத்தாக ஒன்றிரண்டு மரக்கட்டைகள், முன்பக்கம் வெட்டவெளி. மறைவிடங்களை அளவுக்கு மீறி வைத்தால் மீன் வெளியே வரவே வராது, தீனியும் கண்ணில் படாது. தொட்டி தரையோடு தாழ்வாக இருந்தால் மனிதர்கள் மேலிருந்து கவிவதுபோல் தெரியும். கண்மட்ட உயரம் நல்லது. காலையில் அறை விளக்கு முதலில், அரை மணி கழித்துத் தொட்டி விளக்கு. இரவில் தொட்டி விளக்கு முதலில் அணையட்டும். திடீர் இருட்டில் மீன் கண்ணாடியில் மோதிக் காயப்படும்.

மறுநாள் உறைந்த ரத்தப்புழுவை (மீன் தீனியாக விற்கும் சிவந்த பூச்சிப் புழு) தொட்டித் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, ஆறு குஞ்சுகளுக்குக் கால் தேக்கரண்டி அளவு போடுங்கள். முட்டையிலிருந்து புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய உப்புநீர் இறால் இன்னும் மேல். அதன் அசைவே மீனை இழுக்கும். எப்போதும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில். போட்டுவிட்டு விலகிப் போய்விடுங்கள். டிஸ்கஸ் வேகமாகப் பாய்ந்து தின்னும் மீன் அல்ல. வாயால் நீரை ஊதித் தீனியைக் கிளப்பி, மென்று துப்பி, மறுபடி எடுக்கும். துப்பினால் பிடிக்கவில்லை என்று எண்ண வேண்டாம். 15 நிமிடத்துக்குப் பின் மிஞ்சியதைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிடுங்கள். மறுத்தால் அடுத்த வேளைக்கு இன்னும் குறைத்துப் போடுங்கள். கூட்டிப் போட்டுக் கெஞ்சினால் தண்ணீர்தான் கெடும்.

எல்லாம் துணிந்து தின்னத் தொடங்கிய பிறகே குருணைத் தீனி. 1 மி.மீ. குருணையை ரத்தப்புழு கரைந்த நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, வழக்கமான தீனியில் கால் பங்காகக் கலந்து, நாளுக்கு நாள் கூட்டுங்கள். வளரும் குஞ்சுக்கு நாளைக்கு நாலைந்து சிறு வேளைகள் தேவை. இவ்வளவு புரதம் போடும்போது தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றியாக வேண்டும். குளோரின் நீக்கிய, தொட்டியிலிருந்து ஒரு டிகிரிக்குமேல் வேறுபடாத தண்ணீராக இருக்கட்டும்.

மெலிந்த குஞ்சு ஒன்று பின்தங்கினால் அதைத் தனித் தொட்டிக்கு மாற்றத் தோன்றும். தனிமையில் டிஸ்கஸ் இன்னும் சோர்ந்துபோகும். அதே தொட்டியில் வலைத்தடுப்பு வைத்து, மற்றவை கண்ணில் படும்படி அதற்குத் தனியே தீனி கொடுப்பது மேல்.

ஒரு வாரம் தாண்டியும் தின்னாமல், நெற்றி ஒடுங்கி, வெள்ளை நூல்போல் மலம் போனால் குடல் ஒட்டுண்ணியைச் சந்தேகிக்கலாம். அதற்கு மெட்ரோனிடசோல் பயன்படுத்துகிறார்கள். தீனியில் கலந்து கொடுத்தால்தான் மருந்து குடலுக்கு நன்றாகச் சேரும், எனவே மீன் கொஞ்சமாவது தின்னும்போதே மீன் மருத்துவரிடம் அளவு கேட்டுத் தொடங்க வேண்டும். ஒரு பக்கச் செவுளை மூடிக்கொண்டு வேகமாக மூச்சு வாங்கினால் முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். தண்ணீர் சரியாக இருந்தால் செவுள் புழுவாக இருக்கலாம். வெறும் பயத்துக்கு மருந்து ஊற்ற வேண்டாம்; அது இருக்கிற பசியையும் குறைத்துவிடும். உடலின் கறுப்புக் கோடுகள் மங்குவது மீன் தெளிவதைக் காட்டும், ஆனால் பிஜன் பிளட் போன்ற வகைகளில் அந்தக் கோடுகளே இல்லை, அவற்றில் விரிந்த துடுப்பையும் சீரான மூச்சையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உங்களைக் கண்டதும் முன்கண்ணாடிக்கு வரத் தொடங்கியபின் பக்கவாட்டுத் தாளில் ஒன்றை எடுக்கலாம். அடுத்ததற்கு ஒரு வாரம் இடைவெளி விடுங்கள். மீண்டும் மூலைக்குப் போனால் தாளைத் திரும்ப ஒட்டிவிடுங்கள். பின்புறத் தாள் நிரந்தரமாக இருந்தாலும் நல்லதுதான்.